தூத்துக்குடியில் மூன்று பேருக்குச் சாப்பாடு

மாமனார் மாமியாருக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பதற்காகக் கடல் தாண்டிப் போனவள் நான். கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு. யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, வயிற்றில் நாலு மாதம்.

அவர்களை அதுவரை நான் பார்த்ததில்லை. நாசரேத்தில் மிஷன் விடுதியில் வளர்ந்தவள் நான். தாய் தகப்பன் என்று எனக்கு இருந்தது விடுதிப் பதிவில் எழுதியிருந்த இரண்டு பெயர்கள்தான். நர்ஸ் வேலை படித்துக் கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு மொத்தக் கடையில் எழுத்து வேலை பார்த்த சண்முகத்தைப் பதிவு செய்து கல்யாணம் கட்டிக்கொண்டேன். அவர் சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஊர். கருப்பட்டி வியாபாரக் குடும்பம், ஒரே மகன். வேதக்கார, கிறிஸ்தவப் பெண்ணை, அதிலும் சொந்தபந்தம் எதுவும் இல்லாதவளைக் கட்டிக்கொண்டான் என்று அவருடைய தகப்பனார் ஒன்றரை வருஷம் கடிதமே போடவில்லை.

பிறகு ஒரு கார்டு வந்தது. "திருச்செந்தூர் போய்விட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் தூத்துக்குடி வருகிறோம். அந்தப் பிள்ளை வருவதானால் பார்க்கிறோம். அவன் வர வேண்டாம்." அவ்வளவுதான். கையெழுத்துக்குக் கீழே பாதிக் கார்டு காலியாக இருந்தது.

எனக்கு அவர்களிடம் கேட்க ஒன்று இருந்தது. பேறுகாலத்துக்கு எனக்குப் போக வீடு இல்லை. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்றுத் தனி அறைக்குத் திரும்பி, மூன்றாம் நாளே தண்ணீர் தூக்கி, ஜன்னி கண்டு திரும்ப வந்த பெண்களைப் பார்த்திருந்தேன். எல்லோரும் பிழைக்கவில்லை. அதைச் சண்முகத்திடம் சொல்லவில்லை. "உங்கள் அம்மாவிடம் இருக்கலாமா என்று கேட்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"கடுதாசியில் எழுதாதே. நேரில் சொல். சாப்பாட்டில் உட்கார்ந்தால் அப்பா கொஞ்சம் இறங்கி வருவார்," என்றார் அவர். பிறகு எச்சரித்தார். "பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போனால் உன்னைச் செலவாளி என்பார். மட்டமான இடத்துக்குப் போனால் மரியாதை தெரியாதவள் என்பார். எனக்குத் தெரிந்து அப்பா ஓட்டலில் கை நனைத்தது கிடையாது. பத்து மைல் பசியோடு நடந்து வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். பார்த்துச் செய்."

இந்த உபதேசத்தைச் சுமந்துகொண்டு புதன்கிழமை காலையில் தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்கினேன்.

கொழும்பில் கண்ணைத் திறந்தால் பச்சை. இங்கே வெள்ளை. உப்பளத்து வெள்ளை, மணல் வெள்ளை, வெயிலில் வெளுத்த சுவர்கள். காற்று ஓயாமல் அடித்தது. பல்லில் மணல் கடிபட்டது. கொழும்பில் கப்பல் கரையோரம் வந்து நிற்கும். இங்கே கப்பல்கள் நாலைந்து மைல் தள்ளிக் கடலில் புள்ளியாக நிற்க, தோணிகள்தான் மூட்டைகளோடு போவதும் வருவதுமாக இருந்தன. முத்துக் குளிப்பு பல வருஷமாக இல்லை என்றார்கள். ஆனாலும் ஸ்டேஷன் வாசலிலேயே ஒருவர் மடியிலிருந்து காகிதப் பொட்டலம் எடுத்துப் பிரித்து, "அசல் முத்து, ராசாத்தி," என்றார். கண்ணாடி மணி என்று எனக்கே தெரிந்தது.

என்னோடு வேலை பார்த்த நர்ஸின் அக்காள் லில்லி வீட்டில் தங்கினேன். கடற்கரைத் தெருவில் கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் தோணியில் போகிறவர். லில்லி அக்காளிடம் விஷயத்தைச் சொன்னதும், "ஓட்டல் எதுக்கு? இங்கனயே ஆக்கிப் போடுதேன். நண்டு வாங்கி வாரேன்," என்றாள்.

"அவங்க நம்ம வேதக்காரங்க வீட்டில் சாப்பிட மாட்டாங்க அக்கா."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப ஒன் கூட உக்காந்து மட்டும் சாப்பிடுவாவளா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அன்று நான் சரியாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஓட்டல் பார்க்கக் கிளம்பினேன். லில்லி அக்காள் பேசி அமர்த்திய குதிரை வண்டி, வண்டிக்காரர் மைதீன். ஒரு பெண் தனியாக ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்குவதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "தங்கச்சி, ஓட்டல் வைக்கப் போறீயளா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

முதலில் பஜாரில் இருந்த பெரிய சைவ ஓட்டல். சலவைக்கல் மேஜை, தலைக்கு மேல் மின்விசிறி, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. கல்லாவில் இருந்தவர் விபூதி துலங்க, "சாப்பாடா, டிபனா?" என்று கேட்டார். பலகையில் எழுதியிருந்த சாப்பாட்டு விலையைப் பார்த்தேன். மாமனார் அந்தப் பலகையை வாசிப்பதை மனசுக்குள் ஒரு தடவை நடத்திப் பார்த்துவிட்டு, ஒரு காப்பி மட்டும் குடித்துக் கிளம்பினேன். காப்பி நன்றாக இருந்தது. கொழும்பில் அப்படிக் காப்பி கிடையாது.

இரண்டாவது ஒரு மிலிட்டரி ஓட்டல். விலை பாதி. பிரியாணி வாசனை தெருமுனை வரை வந்தது. நான் வாசலில் நின்றதும் உள்ளே இருந்த முப்பது ஆண்களும் மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமியார் இங்கே உட்கார முடியாது.

மூன்றாவது இடத்துக்குப் போகும் வழியில் துறைமுகச் சாலை மணலில் வண்டிச் சக்கரம் புதைந்தது. குதிரை ஒரு அடி நகர மறுத்தது. மைதீன் அதனோடு நியாயம் பேசிக்கொண்டிருக்க, நான் இறங்கி நடந்தேன். அப்படி நடந்ததில்தான் பொன்னம்மாள் மெஸ் கண்ணில் பட்டது. ஓலை வேய்ந்த கூடம், சாணம் மெழுகிய தரை, வரிசையாகப் பலகைகள். துறைமுகக் குமாஸ்தாக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விலை குறைவு. வாழையிலை கழுவிப் போட்டிருந்தது. ஓரத்தில் தட்டி கட்டிப் பெண்களுக்குத் தனி இடம்கூட இருந்தது. கொழும்புத் தோணியில் வந்த இரண்டு பேர் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "என் வீட்டுக் குழம்பைவிட இது தேவலை. ஆனால் போய் என் பெண்சாதியிடம் சொல்லிவிடாதே," என்றான் ஒருவன். எனக்குச் சிங்களம் புரியும் என்று அவனுக்குத் தெரியாது. இதைவிட நல்ல சிபாரிசு வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

"நாளைக்கு மூணு பேரு. மாமனார் மாமியார்," என்றேன் பொன்னம்மாளிடம்.

"மொதத் தடவையா பாக்கப் போற?" என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்து. "சீலா மீனு எடுத்து வைக்கேன். மொகத்த இப்பிடி வச்சுக்கிடாத, சோறு எறங்காது அவியளுக்கு."

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவர்கள் திருச்செந்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாமனாருக்குச் சண்முகத்தின் நெற்றி. செருப்பைக் காலில் போடாமல் கையில் வைத்திருந்தார். தார் உருகும் வெயிலில் செருப்புத் தேயக்கூடாது என்று நடக்கிற மனிதர். மாமியார் சின்ன உருவம். ஒரு நார்ப்பெட்டியை இடுப்பில் வைத்திருந்தார். இருவர் நெற்றியிலும் இலை விபூதி.

"மாமா, அத்தை," என்று கும்பிட்டேன். விடுதியில் கும்பிட்டுப் பழக்கமில்லாததால் கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரியவில்லை.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். வர வேண்டாம் என்று எழுதியவரும் அவர்தான்.

"அவன் நல்லாயிருக்கானா?"

"நல்லாயிருக்காங்க மாமா."

"ம்," என்றார். மாமியார் என் முகத்தையும் கழுத்தையும் கையையும் பார்த்தார். மைதீன் வண்டியோடு காத்திருந்தார். மாமனார், "வண்டி எதுக்கு? காலு இருக்குல்லா," என்று நடக்கத் தொடங்கினார். வழியில் சாக்கு மூட்டையிலிருந்து விழுந்து கிடந்த சணல் கயிறு ஒன்றைக் குனிந்து எடுத்து, விரலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பெண்களும் பின்னால் நடந்தோம். நான் காலையில் பயத்தில் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

மெஸ் வாசலுக்கு வந்தோம். மீன் பொரிகிற வாசனை எதிரே வந்து நின்றது. மாமியார் சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்தினார். மாமனார் நின்றுவிட்டார்.

"சாமி கும்பிட்டுட்டு வாரோம்," என்றார் மாமியார், தரையைப் பார்த்துக்கொண்டு. "இன்னைக்குக் கவிச்சி தொடமாட்டோம்."

கார்டில் முதல் வார்த்தையே திருச்செந்தூர். நான் அதை நூறு தடவை வாசித்திருந்தேன். கோவிலுக்குப் போய் வந்தால் அன்று முழுக்கச் சைவம் என்று விடுதியில் வளர்ந்தவளுக்குத் தெரியவில்லை, சண்முகத்துக்கும் ஞாபகம் வரவில்லை. இந்து வீட்டு நடைமுறை தெரியாத பெண் என்று அவர்கள் நினைத்து வந்திருந்தால், வந்த அரை மணியில் நானே அதை நிரூபித்துவிட்டேன். பொன்னம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவர்கள் நெற்றியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

"சாப்பாடு கெடக்கட்டும்," என்றார் மாமனார். "பாத்தாச்சு. ரெண்டு மணிக்குப் பஸ் இருக்கு. வீட்டுல போயித் தின்னா போச்சு."

ரெண்டு மணி பஸ் போய்விட்டால் என் கேள்வியும் அதோடு போய்விடும். "பஜாரில் சைவ ஓட்டல் இருக்கு மாமா. சுத்தமா இருக்கும். நேற்றே போய்ப் பார்த்து வந்தேன்," என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. அவர் பஸ் பக்கமாகத் திரும்பினார். ஆனால் பஸ் நிற்கும் இடத்துக்கும் பஜார் வழியாகத்தான் போக வேண்டும். நடந்தோம்.

பெரிய ஓட்டல் தெரிந்ததும் அவர் நடை நின்றது. தெருவுக்கு எதிர்ப்பக்கம், ஒரு பாத்திரக் கடை நிழலில் நின்றுகொண்டார்.

"இங்கனயா?"

"ஆமா மாமா."

"இங்கன வேண்டாம்."

"விலையைப் பற்றி நினைக்காதீங்க மாமா. என் சம்பளத்தில் நான்..."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா," என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் பாத்திரக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்கு ஒரு மனிதருக்கு இவ்வளவு கோபம் வருமா என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. கடல் தாண்டி வந்திருக்கிறேன், ஒரு இலைச் சோற்றுக்கு என்னோடு உட்கார மாட்டீர்களா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

எதிரே இருந்த ஓட்டல் பலகை இரண்டாகத் தெரிந்தது. காது அடைத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு இப்படி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தலையைக் கீழே தாழ்த்த வேண்டும். அதற்குள் கால் மடங்கிவிட்டது.

விழவில்லை. மாமியாரின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கடைப் படியில் என்னை உட்கார வைத்து, முந்தானையால் விசிறினார். நார்ப்பெட்டியிலிருந்து இரண்டு துண்டு கருப்பட்டி எடுத்து வாயில் போட்டார்.

"எத்தன மாசம்?" என்றார் மெல்ல.

"நாலு, அத்தை."

"பஸ்ஸுல இருந்து எறங்கையிலயே நெனச்சேன். காலைல என்ன சாப்புட்ட?"

"ஒன்றும் சாப்பிடவில்லை."

அவர் என் தலையைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டார். மாமனார் முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

"காசுக்காகன்னு நெனச்சுக்கிடாதளா," என்றார் மாமியார். வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் என்னை அவர் 'ளா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "எங்களுக்குக் கல்யாணம் ஆன வருசம். எங்க மாமனாரும் இவியளும் சரக்குக் கொண்டாந்துட்டு, பசிக்குன்னு இந்தக் கிளப்புக் கடைக்குத்தான் வந்தாவ. அப்பல்லாம் எங்க சாதி ஆளுகள உள்ள உக்கார விடமாட்டாவ. பின்னால போங்கன்னுருக்கான். பாத்திரம் கழுவுத எடத்துல எல போட்டானாம். எங்க மாமனாரு பேசாம உக்காந்து சாப்புட்டாவளாம். பசி. இவிய எந்திரிச்சு வந்துட்டாவ. அன்னைல இருந்து எந்தக் கிளப்புலயும் பச்சத் தண்ணி குடிக்கல. செலவு, செலவும்பாவ. ஊரும் கஞ்சப் பெயன்னு பேரு வச்சிட்டு. அதுக்கு ஒண்ணும் சொல்லமாட்டாவ. மகனுக்கே தெரியாது."

நான் எதிரே இருந்த கட்டிடத்தைப் பார்த்தேன். நேற்று அங்கேதான் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இப்போது எல்லோரும் ஒரே கூடத்தில்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதை அவரிடம் நான் எந்த வாயால் சொல்வது? "அத்தை, பஸ்ஸுக்கே போய்விடலாம். என்னால் நடக்க முடியும்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிள்ளையைக் கொழும்பிலேயே பெற்றுக்கொள்வது என்று அந்தப் படியில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டேன்.

மாமனார் திரும்பி வந்தார். என் எதிரே நின்று, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வெறும் வயித்தோட பஸ்ஸுல ஏத்த முடியாது," என்றார், மாமியாரிடம். "எந்திரிக்கச் சொல்லு."

கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு முன்னால் தெருவைக் கடந்தார்.

வாசற்படியில் ஒரு கணம் நின்றார். அவருக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் போதும். கல்லாவில் இருந்தவர் தலை நிமிர்ந்தார். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். அந்த நாளில் பிறந்திருந்தால் அதிகம்.

"எங்கன உக்காரணும்?" என்று கேட்டார் மாமனார். கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலர் திரும்பினார்கள்.

"எங்கன வேணும்னாலும் உக்காருங்க அண்ணாச்சி," என்றார் அவர், சில்லறையைத் தள்ளிக்கொண்டே. "நடுவுல காத்து வரும்."

மாமனார் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பின்பக்கத்துக் கதவில் அவர் கண் கொஞ்சம் தங்கியது. பிறகு நேராகப் போய் நட்டநடு மேஜையில், விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். எதிரே எங்களைக் கை காட்டினார். நான் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே மேஜைதான்.

இலை வந்தது. தண்ணீர் தெளித்து அவர் இலையைத் துடைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அவசரமே இல்லை. சோறு வைத்தவர், "ரேஷன், மறு சோறு கெடையாது," என்று சொல்லிக்கொண்டே வைத்தார். மாமனார் கையைக் குறுக்கே நீட்டினார். "எனக்கு வைக்கதுல பாதிய அந்தப் பிள்ளைக்கு வையி."

சாம்பாரில் முருங்கைக்காய். வாழைக்காய்ப் பொரியல். ருசி எப்படி என்று சொல்ல முடியாது. எப்படிக் கேட்பது என்று கொழும்பிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாசகங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. மாமனார் தலை நிமிராமல் சாப்பிட்டார். இலையில் ஒரு பருக்கை மிஞ்சாமல் சாப்பிட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், துறைமுகத்து ஆள் போல இருந்தது, பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"சாத்தான்குளம் பக்கம்."

"இது மகளா?"

மாமனார் வாயில் இருந்ததை விழுங்கினார். தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்தார். மாமியாரின் கை இலையில் அசையாமல் நின்றது.

"மருமவ," என்றார். "கொழும்புல நர்ஸா இருக்கா. பேறுகாலத்துக்கு தை மாசம் எங்க வீட்டுக்கு வாரா."

அந்தப் பெரியவர், "நல்லது, நல்லது," என்று ரசத்துக்குக் கை காட்டினார். அவருக்கு அது சும்மா பேச்சு. நான் இலையைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். கண்ணீர் சோற்றில் விழக்கூடாதே என்பதுதான் அப்போது என் கவலையாக இருந்தது. மாமியார் தன் இலை அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

மாமனார் மோர் சாதத்தையும் முடித்தார். இலையை மடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அவங்கிட்டச் சொல்லிரு," என்றார். "தொட்டிலு புதுசு வாங்கிராண்டாம். அவன் கெடந்தது வீட்டுல கெடக்கு. நல்ல தேக்கு."